மாமாவின் கேப்ரியும் ‘முதல் வண்டி’ என்ற பேச்சும்: வாகன வினா விடை

கேள்வி (சாட்ஸ்வர்த் வாசகர்): என் தாய்மாமா இசிப்பிங்கோ வீட்டுக் கராஜில் ஒரு ஃபோர்ட் கேப்ரியை விட்டுச் சென்றிருக்கிறார். அதில் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின் இருக்கிறது. ‘பெரானா வண்டிகள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே செய்துபார்த்த முதல் வண்டி இதுதான்’ என்று அவர் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். விலை பேச வந்த ஒருவரோ, ‘யாரோ பிற்காலத்தில் என்ஜின் மாற்றிய சாதாரணக் கேப்ரி’ என்கிறார். பத்திரம் எதுவும் இல்லை. ராய் ஹெஸ்கெத் பந்தயத் திடலில் மாமா அந்த வண்டியில் சாய்ந்து நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருக்கிறது. யாரை நம்புவது ஐயா?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். முதலில், ‘என்ஜின் மாற்றியது’ என்பதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேப்ரி பெரானா என்ற பெயரில் விற்ற வண்டிகள் அனைத்துமே என்ஜின் மாற்றியவைதான். போர்ட் எலிசபெத்தில் ஃபோர்ட் தொழிற்சாலையிலிருந்து மூன்று லிட்டர் வி6 கேப்ரியாக வெளிவந்த வண்டியை, ஜோஹன்னஸ்பர்க் அருகே ஈடன்வேலில் இருந்த பேசில் கிரீன் மோட்டார்ஸ் பட்டறையில் பிரித்து, 302 கன அங்குல ஃபோர்ட் வி8 என்ஜினைப் பொருத்தி, ஃபோர்ட் விற்பனையாளர்கள் வழியாகவே உத்தரவாதத்துடன் விற்றார்கள். 1970 முதல் சில ஆண்டுகளுக்குள் சுமார் 500 வண்டிகள் இவ்வாறு உருவாயின. ஆகவே என்ஜின் மாறியதா என்பதைக் கேட்டுப் பயனில்லை. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

‘யார்’ என்பதற்கு விடை காண்பது கடினம். பட்டறையில் வரிசையாக வேலை நடக்கத் தொடங்கிய பிறகு என்ஜின் தாங்கிகள், கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம், எண்ணெய்த் தொட்டி ஆகியவை ஒரே அளவில், ஒரே விதமான வெல்டிங்கோடு அமையும். அப்படி வந்த வண்டியை, அடையாளம் உறுதியான இன்னொரு பெரானாவின் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுவிடலாம். ஆனால் உங்கள் மாமா சொன்னது வரிசை தொடங்குவதற்கு முந்திய வண்டி. முதல் வண்டியில் எல்லாமே கையால் வெட்டி, கையால் ஒட்டியதாகத்தான் இருக்கும். 1980களில் ஏதோ ஒரு வீட்டுப் பின்புறத்தில் ஒரு மெக்கானிக் செய்த வேலையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். வெல்டிங்கை வைத்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்பவரிடம் சற்று விலகியே இருங்கள்.

‘எப்போது’ என்பதற்குச் சாட்சி இரும்பிலேயே இருக்கிறது. ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கும் பக்கம் என்ஜின் பிளாக்கின் கீழ்ப்பகுதியை மெதுவாகத் துடையுங்கள். ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு கரைந்ததும் வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்துகள் தெரியும். ஃபோர்ட் பாகங்களின் எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டையும் அடுத்த இலக்கம் ஆண்டையும் குறிக்கும்: ‘சி’ என்றால் 1960கள், ‘டி’ என்றால் 1970கள், ‘இ’ என்றால் 1980கள். ‘சி8’ என்பது 1968இல் வடிவமைத்த பாகம், ‘டி0’ என்பது 1970இல் வடிவமைத்தது. இது வடிவமைப்பு ஆண்டுதான், வார்த்த நாள் அன்று. வார்த்த நாள் அருகிலேயே தனியாக இருக்கும். ‘0சி14’ என்று இருந்தால், ஆண்டின் கடைசி இலக்கம் 0, மாதம் மார்ச், தேதி 14. இந்த 0 என்பது 1970ஆ 1980ஆ என்ற ஐயத்தைப் பாகத்தின் எண் தீர்த்துவைக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

‘இ’ என்ற எழுத்து கண்ணில் பட்டால், இன்று வண்டியில் இருக்கும் என்ஜின் 1970இல் இருந்ததாக இருக்க வழியே இல்லை. இது வெறும் கற்பனை ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 1984இல் ஃபோர்ட் இதே தென்னாப்பிரிக்காவில், இதே 302 குடும்பத்து என்ஜினை வைத்து சியரா எக்ஸ்ஆர்8 வண்டியை 250 அளவில் செய்தது. மோதி நொறுங்கிய எக்ஸ்ஆர்8களின் என்ஜின்கள் பழைய கேப்ரிகளுக்குள் புகுந்திருந்தால் அதில் வியப்பில்லை. அப்படியே ஆனாலும் மாமா சொன்னது பொய் என்று ஆகிவிடாது, பழைய என்ஜின் பழுதாகி மாற்றியிருக்கலாம். ஆனால் என்ஜினைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட வேண்டியதுதான். மாறாக, வார்ப்பு நாள் 1971 அல்லது அதற்குப் பிந்தியது, அதுதான் ஆதியிலிருந்து உள்ள என்ஜின் என்று குடும்பத்தில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள் என்றால், ‘விற்பனைக்கு முந்திய முதல் வண்டி’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

படத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ராய் ஹெஸ்கெத் திடல் 1981இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே அந்தப் படம் அதற்கு முந்தியது என்பதாவது ஏறக்குறைய உறுதி. பூதக்கண்ணாடி வைத்து எண்பலகையைப் படியுங்கள். டர்பன் வண்டி என்றால் என்.டி. என்று தொடங்கியிருக்கும். அந்த எண் பழைய உரிம ரசீது எதிலாவது, காப்பீட்டுக் கடிதத்தில், மாமி பெட்டியில் கட்டிவைத்திருக்கும் காகிதங்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். படத்திலுள்ள வண்டியும் கராஜிலுள்ள வண்டியும் ஒன்றுதான் என்று அது நிலைநாட்டும். பானட் திறந்த நிலையில் எடுத்த இன்னொரு படம் அகப்பட்டால் அதன் மதிப்பு வேறு.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி): முன்மாதிரி வண்டிகளை நிறுவனங்களே நசுக்கிவிடும் என்கிறார்கள். அப்படியானால் ‘அபூர்வ முன்மாதிரி’ என்று ஏலத்துக்கு வருபவை எங்கிருந்து வருகின்றன?

பதில்: நசுக்குவதுதான் வழக்கம். சோதனைக்காகச் செய்த வண்டி விற்பனை வண்டிக்குரிய விதிகள் எதற்கும் உட்பட்டதன்று. அதை ஒருவர் வாங்கி ஓட்டி விபத்து நேர்ந்தால் வழக்கு நிறுவனத்தின் தலையில் விழும். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் ‘இதைப் போய் நசுக்குவதா’ என்று நினைக்கும் ஒருவர் இருப்பார், அல்லது தாளில் எழுதியதைக் களத்தில் செய்ய மறந்த ஒருவர் இருப்பார். பிழைத்த வண்டிகள் பெரும்பாலும் இந்த இருவரின் புண்ணியம்.

அமெரிக்காவில் ‘லிட்டில் ரெட்’ என்று அழைக்கப்படும் 1967ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி.500 (ஃபோர்ட் மஸ்டாங்கை ஷெல்பி நிறுவனம் மாற்றியமைத்தது) சோதனை வண்டி இதற்கு நல்ல உதாரணம். விற்பனைக்கு வந்த ஜி.டி.500களின் கூரை பின்புறம் வரை சரிந்து இறங்கும், இதுவோ பெட்டி போன்ற பின்புறம் கொண்ட கூப்பே. நசுக்கிவிட்டார்கள் என்றே பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். தேடியவர்கள் ஷெல்பி நிறுவனம் கொடுத்த வரிசை எண்ணை வைத்தே தேடினார்கள். ஏல நிறுவனத் தலைவர் கிரெய்க் ஜாக்சனின் குழு மட்டும், அந்த வண்டி ஷெல்பியிடம் போவதற்கு முன் ஃபோர்ட் தொழிற்சாலை அதற்குக் கொடுத்த எண்ணைத் தேடி எடுத்தது. 2018இல் வடக்கு டெக்சாஸில் துருப்பிடித்துக் கிடந்த வண்டி அந்த எண்ணில் அகப்பட்டது. ஒரே வண்டிக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ், எல்லோரும் இரண்டாவதையே புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, இருந்த ஒரே வண்டி பலவாகத் தோன்றியதும் உண்டு. 1962இல் கேரல் ஷெல்பி செய்த முதல் கோப்ராவின் எண் சி.எஸ்.எக்ஸ். 2000. இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனத்தின் உடலில் 260 கன அங்குல ஃபோர்ட் வி8 என்ஜின் வைத்தது. பத்திரிகைகள் ஓட்டிப்பார்க்கக் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு நிறம் பூசி அதே வண்டியை அனுப்பினார்கள், தொழிற்சாலையில் பல கோப்ராக்கள் தயாராகிக்கொண்டிருப்பதாக வாசகர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக. 2016இல் அது ஏலத்தில் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அக்காலப் பத்திரிகைப் படத்தைக் காட்டி ‘நிறம் ஒத்திருக்கிறது பாருங்கள், இதுவேதான்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லெனேசியா வாசகர்): செவ்ரோலே ஃபிரென்சா கேன்-ஆம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எண்கள் சில பொருந்தவில்லை என்று கேட்டதற்கு, ‘இது நூறு வண்டிகளுக்கு முன் செய்த முன்மாதிரி, அதனால்தான் பொருந்தவில்லை’ என்கிறார் விற்பவர். ஏற்கலாமா?

பதில்: இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. எண் பொருந்தவில்லையா, முன்மாதிரி. சக்கரம் வேறா, முன்மாதிரி. கதவில் வேறு நிறம் எட்டிப்பார்க்கிறதா, அதுவும் முன்மாதிரி. உண்மையான முன்மாதிரியில் ஒழுங்கின்மை இருக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த ஒழுங்கின்மைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதிலுள்ள பாகங்கள் விற்பனை வண்டியின் பாகங்களைவிட முந்தியவையாக இருக்க வேண்டும், அல்லது எதிலும் இல்லாத, கையால் செய்த பாகங்களாக இருக்க வேண்டும். பிந்திய பாகம் இருந்தால், அது எப்போது, ஏன் வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஃபோர்ட் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு வார்த்த பாகங்களுக்கு ‘எக்ஸ்.இ.’ என்று தொடங்கும் தனி எண்ணே இருந்தது. ‘பொருந்தவில்லை’ என்பது மட்டும் சான்றாகாது. எந்தத் திசையில் பொருந்தவில்லை என்பதைப் பாருங்கள்.

கேன்-ஆம் விஷயத்துக்கு வருவோம். பந்தய விதிப்படி தகுதி பெறுவதற்காக 1973இல் செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 100 வண்டிகள் செய்தது. செவ்ரோலே காமரோ இசட்28இன் 302 கன அங்குல என்ஜினை அந்தச் சின்ன ஃபிரென்சாவுக்குள் திணித்த யோசனை பந்தய வீரர் பேசில் வான் ரூயனுடையது. அதற்கு முன் அவர் பந்தயத்தில் ஓட்டிய வண்டி ஒன்று இருந்தது என்பதால், ‘நூறுக்கு முந்தியது’ என்ற சொல்லுக்கு இங்கே எப்போதும் ஒரு கவர்ச்சி உண்டு. வெள்ளை வண்டி, கறுப்பு பானட் என்று பூசிவிட்டால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் நம்பியிருக்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். விற்பவர் பானட்டைத் திறந்தார், ‘302’ என்றார், நானும் தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. செவ்ரோலேயின் 302, 327, 350 மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4 அங்குலம். வெளியே நின்று பார்த்தால் மூன்றும் உடன்பிறந்தவை போல இருக்கும். வேறுபாடு உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில்: 302இல் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர், 350இல் 3.48 அங்குலம், 88 மில்லிமீட்டர். அன்று நான் பார்த்த வண்டியில் பிற்பாடு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றி அளந்தபோது 88 வந்தது. பிளக் துளை வழியே கம்பியை விட்டு அளக்கலாம் என்பார்கள். துளை சாய்வாக இருப்பதால் அந்த அளவு ஏமாற்றும். விலை பெரிதாக இருந்தால் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த மறுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் பிளாக்கில் எண் பொறித்திருக்கும் இடத்தையும் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்த முகப்பை இயந்திரம் இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் ஓடியிருக்கும், எண்கள் அந்தக் கோடுகளின்மேல் இறங்கியிருக்கும். பழைய எண்ணை அராவி நீக்கிவிட்டுப் புது எண் அடித்தவர்களால் எண்ணை அடிக்க முடிகிறது, அந்தக் கோடுகளை அதே போல் திரும்ப வரவழைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): என் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு போன்டியாக் ஜி.டி.ஓ. அல்லது ஷெவெல் எஸ்.எஸ். வாங்கலாம் என்கிறான். வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்ணை) பார்த்தால் போதாதா?

பதில்: எந்த வண்டி, எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. 1964, 1965 ஆண்டுகளின் ஜி.டி.ஓ. தனி மாடல் அன்று. லெ மான்ஸ் வண்டியில் கேட்டு வாங்கும் ஒரு கூடுதல் வசதியாகவே விற்றார்கள், அதனால் வின் எண்ணில் அது தெரியாது. 1966 முதல்தான் தனிக் குறியீடு வந்தது. ஷெவெல் இதற்குத் தலைகீழ்: 1968 வரை எஸ்.எஸ். வண்டிக்குத் தனி எண் இருந்தது, 1969இல் அதைக் கூடுதல் வசதியாக மாற்றினார்கள், எண்ணும் போயிற்று. சாதாரண ஷெவெலில் சின்னத்தை ஒட்டி எஸ்.எஸ். என்று விற்பது இதனால்தான் பெருகிற்று. கிரைஸ்லர் வண்டிகளில் நிலைமை மேல். 1970ஆம் ஆண்டு வண்டியின் வின் எண்ணில் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லும், ‘ஆர்’ என்றால் 426 கன அங்குல ஹெமி என்ஜின்.

எண் பேசாத இடத்தில் காகிதம் பேச வேண்டும். போன்டியாக்குக்குத் தொழிற்சாலைப் பதிவுகளின் நகல் கிடைக்கிறது. 1967ஆம் ஆண்டு மாடல் முதலான ஃபோர்ட் வண்டிகளுக்கு தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் ‘மார்ட்டி ரிப்போர்ட்’ வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற செவ்ரோலேக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு இல்லை, பின் இருக்கையின் சுருள்களுக்கு அடியிலோ பெட்ரோல் தொட்டியின் மேலோ ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிற்சாலைத் தாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். இத்தனையும் சரியாக இருந்தாலும், பழைய வண்டியை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். இடது பக்க ஸ்டியரிங் வண்டியை இங்கே புதிதாகப் பதிவு செய்ய 2004க்குப் பிறகு விதி இடங்கொடுப்பதில்லை. மகனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், ஜி.டி.ஓ. பேச்சு பிறகு.

கேள்வி (பிரிட்டோரியா, லாடியம் வாசகர்): பி.எம்.டபிள்யூ. 333ஐ வண்டியை இந்த ‘மசில் கார்’ (சிறிய உடலில் பெரிய வி8 என்ஜின்) பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: அதில் ஆறு சிலிண்டர்தான், அமெரிக்கர்கள் ஒப்பமாட்டார்கள். சிறிய உடலில் பெரிய என்ஜின் என்ற எண்ணம் மட்டும் அதே எண்ணம். ரோஸ்லின் தொழிற்சாலையில் 204 செய்தார்கள். ஏர்கண்டிஷனும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து வைக்க உள்ளே இடமில்லாததால் வாங்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டும் உள்ள ‘அசல்’ 333ஐ ஒன்றை யாராவது காட்டினால், பிறகு சேர்த்தது எது என்று கேளுங்கள்.

கேள்வி (கெபெர்ஹா வாசகர்): எங்கள் ஊரில் செய்து ஏற்றுமதியாகும் கோப்ராக்களை என் அண்ணன் ‘போலி’ என்கிறார். அங்கே வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதில்: வருத்தப்பட வேண்டாம், அண்ணன் சொல்வது தவறு. ஹை-டெக் ஆட்டோமோட்டிவ் செய்யும் சூப்பர்ஃபார்மன்ஸ் கோப்ரா ஷெல்பி தரப்பின் உரிமத்தோடு, இந்தக் காலத்தில் செய்தது என்று சொல்லியே விற்கப்படுகிறது. நகல் என்று அறிவித்து விற்பது நகல், அசல் என்று சொல்லி விற்பதே போலி. அசல் நிறுவனத்தின் பெயர்கூட இதற்குக் காப்பு அன்று. 1960களில் மிச்சமான சேசிஸ்கள் (வண்டியின் அடிச்சட்டங்கள்) என்று சொல்லி கேரல் ஷெல்பியே விற்க முற்பட்ட சில கோப்ரா 427களின் சேசிஸ்கள் அண்மையில் செய்தவை என்று 1993இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டு, அந்த உலகமே கலங்கிப்போயிற்று. செய்தவர் கை அதே கை, பெயர் அதே பெயர், ஆனால் சொன்ன ஆண்டு வேறு. உங்கள் ஊர் வண்டியில் அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி (வெருலம் வாசகர்): பழைய வண்டியை நிபுணரிடம் காட்டுமுன் கழுவிப் பெயின்ட் அடித்து வைப்பது நல்லதா?

பதில்: வேண்டவே வேண்டாம். அழுத்த நீரில் அடிப்பாகத்தைக் கழுவினால், சுண்ணக்கட்டியால் எழுதிய தொழிற்சாலைக் குறிகளும் காகிதத் துண்டுகளும் முதலில் போய்விடும். புது பெயின்ட்டுக்கு அடியில் பழைய நிறம் எது என்று பார்க்க மறுபடியும் சுரண்ட வேண்டியிருக்கும். இருக்கிறபடியே படம் எடுங்கள். கதவு விளிம்பு, டாஷ்போர்டுக்கு அடிப்புறம், கம்பளத்துக்குக் கீழே, உதிரிச் சக்கரம் இருக்கும் பள்ளம் என ஒன்றையும் விடாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் வெல்டிங்கின் அகலம்கூடப் பிறகு ஒப்பிட உதவும்.

சாட்ஸ்வர்த் வாசகருக்கும் இது பொருந்தும். ஸ்டார்ட்டர் பக்கத்தில் மட்டும் துடையுங்கள், மற்ற இடங்களில் கை வைக்க வேண்டாம். எழுத்து ‘சி’யா, ‘டி’யா, ‘இ’யா என்பதையும் அருகிலுள்ள வார்ப்பு நாளையும் எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் மாமாவின் வண்டியை அங்கிருந்து தொடரலாம்.